பக்கத்து இருக்கை

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவரின் மகன் என்னைப் பார்க்க வந்தான். கையில் ஒரு தாள் இருந்தது. "ஒரே ஒரு கையெழுத்து போடணும் சார்" என்று அதை மேஜைமேல் வைத்தான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரமாக நின்றான்.

எடுத்துப் படித்தேன். நான் நடத்திய அச்சகத்தில் அவன் மூன்று ஆண்டுகள் லாரி டிரைவராக இருந்தான் என்றும், நிதானமானவன், ஒரு விபத்தும் செய்யாதவன் என்றும், அச்சகத்தை மூடிவிட்டதால்தான் வேறு வேலை தேடுகிறான் என்றும் அதில் நான் எழுதியிருந்தேன்! அச்சகம் நடத்தியது உண்மை, மூடியதும் உண்மை. ஆனால் அந்த அச்சகத்திற்குக் காகிதம் சைக்கிளின் பின்னால் வரும்; பண்டிகைக் காலத்தில் தள்ளுவண்டியில் வரும். லாரி வாங்கவேண்டும் என்று கனவு காணும் அளவுக்குக்கூட அது எனக்கு வசதி செய்து கொடுத்ததில்லை.

"யாரப்பா இதை எழுதிக் கொடுத்தது?"

"டிரைவிங் ஸ்கூல் பக்கத்துல ஒருத்தர் சார். எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"இதில் நான் கையெழுத்துப் போட முடியாது."

அவன் கோபப்படவில்லை. தாளை மடித்துக்கொண்டே கேட்டான்: "அப்போ பொய் சொல்லாம முதல் வேலைக்கு எப்படி சார் போறது?"

என்னிடம் பதில் இல்லை. "நல்லது நடக்கும், போய் வா" என்றேன். பதில் தெரியாத பெரியவர்கள் எல்லாரும் சொல்லுவது அது. அவன் போன பிறகும் கேள்வி மட்டும் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தது.

அவனுடைய கதை சுருக்கமானது. தகப்பனார் இறந்த பிறகு ஒரு வருஷம் தறிப்பட்டறையில் வேலை செய்தான். இருபத்தோராம் வயதில் கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்தான். அப்போதுதான் தாயாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்பதுமாக நான்கு ஆண்டுகள் ஓடின. அந்த அம்மாள் கண்ணை மூடிய பிறகு, இருந்த இரண்டு பவுனை விற்று ஹெவி லைசென்ஸ் எடுத்தான். இப்போது வயது இருபத்தேழு. எட்டு மாதமாக ஒவ்வொரு லாரி ஆபீஸாக ஏறி இறங்குகிறான். எல்லா இடத்திலும் கேட்பவை இரண்டே கேள்விகள். எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாய்? இத்தனை நாள் என்ன செய்தாய்? முதல் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் உண்டு. அதைக் கேட்க யாருக்கும் பொழுதில்லை.

சட்டம் அவனைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்கு வண்டி ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும்; இலகுரக வாகன லைசென்ஸை ஓராண்டாவது வைத்திருந்த பிறகே அதற்குப் பழகுநர் லைசென்ஸ் கேட்கலாம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதியையும் 2019இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே, அரசாங்கத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. அதற்கு உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது. "அனுபவம் உள்ளவர் மட்டும்" என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கதவுக்குச் சாவி கதவுக்கு உள்ளேயேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட கதவை ஒரு சின்னப் பொய்யால் திறந்தால் என்ன குற்றம்? அன்று இரவு இதை யோசித்துப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை வேலைக்கு ஒருவன் இல்லாத அனுபவத்தைச் சொல்லிக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் தப்பினால் முதலாளிக்கு நஷ்டம். அவனுக்கு வேலை போகும். பொய்யின் விலையைக் கொடுப்பவர்கள் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். லாரி அப்படியல்ல. முதலாளியும் ஏமாந்தார், நானும் கையெழுத்திட்டேன், அவனும் ஓட்டினான் என்றால், அதற்கு விலை கொடுப்பவர் எதிரே ஸ்கூட்டரில் வரும் யாரோ ஒருவர். எங்கள் மூவருடைய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தே கிடையாது. தன்னைப் பாதிக்காத பொய்யைக் கருணை என்று பெயரிட்டுக் கொடுப்பது எளிது. பிறத்தியார் உயிரை ஈடு வைத்துச் செய்யும் தருமம் தருமம் ஆகாது.

இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறொன்று. அந்தக் கடிதம் முதலில் கெடுப்பது அவனைத்தான். மூன்று வருஷம் ஓட்டியவன் என்று சொல்லிப் போனவன், முதல் நாள் "இந்த இறக்கத்தில் எந்த கியர் போடவேண்டும்?" என்று யாரிடம் கேட்பான்? கேட்டால் குட்டு வெளிப்படும். கேட்காவிட்டால் வண்டி கைமீறும். தெரியாது என்று சொல்லும் உரிமையைத் தொழிலில் புதிதாக வருகிறவன் இழக்கவே கூடாது. பொய்ச் சான்று வேலையைக் கொடுத்துவிட்டு அந்த உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறது. தவறு நேர்ந்தாலோ, சட்டம் அவனைத்தான் முதலில் தேடிவரும். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்தாண்டு வரை.

ஆகவே நான் மறுத்தது சரிதான். ஆனால், மறுத்ததோடு என் கடமை முடிந்துவிட்டதா? பொய் சொல்லாதவன் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. அதற்காக என் கையிலிருந்து காலணா செலவாகவில்லை. செலவில்லாமல் கிடைக்கும் நற்பெயரைப் பற்றி எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. மேலும், இரண்டு வருஷங்களுக்கு முன்னால் என் தங்கையின் குடும்பத்தோடு ராமேசுவரம் போவதற்கு ஒரு டிரைவர் தேடியபோது, "பத்து வருஷ சர்வீஸ் இருக்கிற ஆளாக அனுப்புங்கள், புதுப் பையன் வேண்டாம்" என்று சொன்னவன் யார்? நானேதான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். டாக்டர் கைராசிக்காரராக இருக்க வேண்டும், வக்கீல் நரைத்தவராக இருக்க வேண்டும், டிரைவர் பழுத்தவராக இருக்க வேண்டும் என்று கேட்கும் நாம், அவர்கள் எங்கே, யார் தலையில் பழுத்தார்கள் என்று கேட்பதில்லை. புதியவனை யாராவது பழக்கட்டும்; பழகிய பிறகு நமக்கு வரட்டும். உலகம் முழுவதும் இப்படி நினைத்தால் அந்த "யாராவது" யார்?

நான் நாமக்கல்லுக்குப் போனேன்.

நாமக்கல்லைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை சுமக்கும் ஒற்றைப் பாறையையும், கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் ஆஞ்சநேயரையும், கோழி முட்டையையும் போலவே அந்த ஊருக்கு லாரியும் அடையாளம். பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்கும். கேஸ் ஏற்றும் டேங்கர் லாரிகள் வரிசையாக நிற்கும். அங்கே எனக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். பதினோரு லாரிகளுக்குச் சொந்தக்காரர். என் நாவல்களைப் படித்துவிட்டு நேருக்கு நேராகக் குறை சொல்லும் உரிமையை நெடுங்காலமாகவே எடுத்துக்கொண்டவர்.

பையனைப் பற்றிச் சொன்னேன். தாயாரை நான்கு வருஷம் பார்த்துக்கொண்டதை, ஒரு நாவலாசிரியனுக்கு உரிய உருக்கத்தோடு சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மாவை அப்படிப் பார்த்துக்கிட்டவன் வண்டியையும் பார்த்துக்குவான்னு சொல்ல வர்றீங்க. இருக்கலாமுங்க. ஆனா ஸ்டியரிங்குக்கு அது தெரியாதுங்களே!"

பிறகு தம் கணக்கைச் சொன்னார். ஒரு வண்டி பல லட்சம் ரூபாய், அதுவும் கடன். மாதத் தவணை மழைக்கும் நிற்காது, வெயிலுக்கும் நிற்காது. ஏற்றியிருக்கும் சரக்கு பிறத்தியாருடையது. டிரைவர் செய்யும் தவறுக்குச் சட்டப்படி உரிமையாளரும் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் இருந்தாலும், தகுந்த லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று வந்துவிட்டால், கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு அதை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம். "இத்தனையும் தலையில வெச்சுக்கிட்டு, நேத்து லைசென்ஸ் வாங்கின பையன்கிட்ட எப்படிங்க சாவியைத் தூக்கிக் கொடுக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. கெட்டவன் ஒருவன் கதவை அடைத்தால் அவனோடு சண்டை போடலாம். நியாயமான பயம் கதவை அடைத்திருக்கும்போது யாரோடு சண்டை போடுவது?

"நீங்கள் முதலில் எப்படி ஓட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்தது. பதினாறு வயதில் கிளீனராக ஏறியவராம். லோடுமேல் தார்ப்பாய் கட்டுவார், கயிறு இழுப்பார், கம்பியால் டயரைத் தட்டி, ஓசையிலிருந்தே காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், மேட்டில் வண்டி நின்றால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். மூன்று வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். பெங்களூரிலிருந்து வரும்போது, தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் வருகிறதே, அந்த இறக்கத்தில் அவருடைய குருநாதர் மேலேயே சின்ன கியருக்கு மாற்றிவிடுவாராம். பாரவண்டியை எஞ்சின்தான் பிடித்து இறக்க வேண்டும். கீழே வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து, தேவைப்படும் இடத்தில் பிரேக் பிடிக்காமல் போய்விடும். "அப்போ எனக்குக் காரணம் தெரியாதுங்க. ஆனா அந்த இடம் வந்தா என் காலே தானாத் தயாராயிரும்."

"அதே இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்களாமே?"

"விடறாங்க. அவங்களும் இருபது வருஷ சர்வீஸ்காரங்கதான்" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டேன். அனுபவம் என்பது கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை அல்ல. யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அது கழிந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

அந்தப் பழைய பள்ளிக்கூடத்தை நான் புகழ்ந்து பாடிவிடப் போவதில்லை. அதில் அடி உண்டு, வசவு உண்டு, அரைவயிற்றுச் சாப்பாடு உண்டு. படிக்க வேண்டிய வயதில் பையன்கள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கினார்கள். லைசென்ஸ் எடுக்கும் முன்பே நடுராத்திரியில் பலர் ஸ்டியரிங் பிடித்தார்கள். அது போனதற்காகக் கண்ணீர் விட வேண்டாம். ஆனால், அதிலே ஒரு நல்ல பொருள் இருந்தது: அந்தப் பக்கத்து இருக்கை. நம்பிக்கை ஒரே நாளில் முழுசாகக் கேட்கப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை. முதலில் கயிற்றை நம்பிக் கொடுத்தார்கள், பிறகு டயரை, பிறகு காலியான சாலையில் காலியான வண்டியை, கடைசியில் பாரத்தை. தெரியாதவன் தெரிந்தவனாக மாறுவதற்கு அங்கே ஓர் இடம் இருந்தது.

இப்போது அந்த இடம் எங்கே? வாடகை கட்டவில்லை, டீசல் ஏறிவிட்டது என்று கிளீனர்களை நிறுத்திவிட்டார்கள். தேசிய பெர்மிட் வண்டிகளில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், மாற்று ஆள் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லிவந்தன. அந்த இரண்டாவது டிரைவர் கட்டாயமும் 2018இல் நீக்கப்பட்டது. செலவு குறைந்தது. டிரைவர் தனியாகப் போகிறார். பிறகு, "நல்ல டிரைவர் கிடைப்பதில்லை" என்று சங்கக் கூட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள். நாற்றங்காலை அழித்துவிட்டு, நடுவதற்கு நாற்று இல்லையே என்று வயல்வரப்பில் நின்று கேட்கிற கதைதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் லாரி ஓட்ட மனுச் செய்கிறவன், கடந்த மூன்று ஆண்டுகளில் யார் யாரிடம் வேலை பார்த்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவான்? ஆனாலும், 2022 பிப்ரவரி 7 முதல் புதியவர்களுக்கு முறையான பயிற்சியை அவர்கள் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பல, புதிதாக வந்தவனைச் சில வாரங்கள் ஒரு பழைய டிரைவரோடு அனுப்பிவைக்கின்றன. இயந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும், கடைசியில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். சமுதாயம், கடமை என்ற சொற்களெல்லாம் என் பேச்சில் வந்தன. அவர் குறுக்கிட்டார்.

"நீங்க சொல்றது அத்தனையும் சரிங்க. பையனை நாளைக்கே வண்டி ஏத்தறேன். வண்டிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா பாதி நீங்க கொடுத்துருவீங்களா?"

நான் பேசவில்லை. பேங்கில் இருக்கும் தொகை கண்முன் வந்தது. மகளுக்குக் கொடுக்க வேண்டியது, வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நண்பர் சிரித்தார். அதில் ஏளனம் இல்லை. "பார்த்தீங்களா? நானும் அப்படித்தானுங்க."

அந்த ஒரு நிமிஷத்தில் நான் கற்றுக்கொண்டது பல நாவல்களை எழுதியதில் கற்றுக்கொள்ளாதது. நம்பிக்கையைப் பற்றி உபதேசம் செய்கிறவன், அது தவறிப்போனால் வரும் நஷ்டத்தில் தன் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பங்கே இல்லாத உபதேசத்திற்கும், கையெழுத்துப் போட்ட பொய்க் கடிதத்திற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டிலும் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

"பாதி என்னால் முடியாது. மூன்று மாதத்துக்கு அவனுடைய படியை நான் கொடுக்கிறேன். உங்களுடைய பழைய டிரைவர் ஒருவரோடு பக்கத்து இருக்கையில் போகட்டும்" என்றேன்.

நெடுநேரம் யோசித்தார். "பாதி படி நீங்க கொடுங்க, பாதி நான் போட்டுக்கறேன். அப்போதான் ரெண்டு பேருக்கும் அவன்மேல ஒரு கண்ணு இருக்கும்" என்றார். பிறகு, "ஒரு லெட்டரும் எழுதிக் கொடுத்துருங்க. உள்ளது உள்ளபடி" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இந்த இளைஞனைச் சிறு வயது முதல் எனக்குத் தெரியும். இவனுக்கு லாரி ஓட்டிய அனுபவம் இல்லை. நான்கு ஆண்டுகள் நோயுற்ற தாயாரைக் கவனித்துக்கொண்டதால் வேறு வேலை செய்யவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளும் தவறியதில்லை என்பதை எதிர் வீட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். "அனுபவம் இல்லை" என்ற வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. ஆனால், அந்த வரி இருந்ததால்தான் மற்ற வரிகளுக்கு மதிப்பு வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பையனுக்குச் செய்தி சொன்னேன். அவனுக்கு முதலில் ஏமாற்றந்தான். ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவன் கிளீனர் வேலைக்கா போவது? இருபத்தேழு வயதில் கட்டை போடுவதா? அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஏழையின் பொறுமையை வைத்துத்தான் எல்லா ஏற்பாடுகளையும் நாம் செய்கிறோம். "உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போகலாம், அந்த ஒரு சௌகரியம் இதில் இருக்கிறது" என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டுப் போனான்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் இரவு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன் வந்தது. "சார், தொப்பூர் இறக்கம் இன்னிக்கு நான்தான் ஓட்டினேன். அண்ணன் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசல."

"பயமாக இருந்ததா?"

"இருந்துச்சு சார். சொன்னேன். 'இருக்கட்டும், அது இருக்கணும்'னு அண்ணன் சொன்னார்."

இப்போது அவன் தனியாக வண்டி எடுக்கிறான். நாளை அவன் கையால் ஒரு தவறும் நேராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அப்படி எந்த டிரைவரைப் பற்றியும் யாரும் சொல்ல முடியாது. அவன் முதல்முறை என்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். பொய் சொல்லாமல் முதல் வேலைக்குப் போகலாம். ஆனால் அதற்குப் போகிறவனுடைய உண்மை மட்டும் போதாது. அவனுக்கு முன்னால் போனவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும். அந்த இடத்திற்கு உரிய செலவை நம்மில் யாராவது பகிர்ந்துகொள்ளவும் வேண்டும்.

நாமக்கல் நண்பரை மறுபடி பார்த்தபோது, அந்தப் பழைய டிரைவருக்குப் பக்கத்தில் இன்னொரு புதுப் பையனை ஏற்றியிருப்பதாகச் சொன்னார். மகிழ்ந்தேன். மற்ற வண்டிகளில்?

"அதுகள்ல என்னங்க, அந்த சீட்டுல தார்ப்பாயும் தண்ணிக் கேனும்தான் போகுது" என்றார்.